இராணுவத் தாதியர் சேவையும் எமது தோட்டத்துப் பிள்ளைகளும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் தோட்டத்துப் பெற்றோர் பலவிதமான கேள்விகளோடு எம்மிடம் வருவதுண்டு. பிள்ளையை ஆசிரியர் தொழிலுக்கு அனுப்பலாமா, ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்பனவே வழக்கமான கேள்விகள். றக்வான மலைப்பகுதித் தோட்டங்களில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் கேட்கப்படுகின்றது. "சாமி, மகள ஆமி ஆஸ்பத்திரியில மிஸ்ஸி வேலைக்கு அனுப்பலாமுங்களா?" என்பதே அது.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தாதியர் தொழில் எமது பிள்ளைக்கு எட்டுமா என்பது முதலாவது. இராணுவம் எமது பிள்ளைக்கு ஏற்ற இடமா என்பது இரண்டாவது. மாதம் தவறாத சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்குமா என்பது மூன்றாவது. வறுமையில் வாழும் பெற்றோர் மூன்றாவது கேள்வியையே முதலாவதாக நினைப்பது இயல்பு. ஆயினும் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தால் பிள்ளையின் எதிர்காலமே திசைமாறிப் போகலாம். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

போர்க்களத்தில் வளர்ந்த தொழில்

இன்று நாம் அறிந்துள்ள தாதியர் தொழிலுக்கும் போர்க்களத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களை அழைத்துக்கொண்டு துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே குண்டடிபட்டு இறந்தவர்களைவிட வாந்திபேதியாலும் வயிற்றுளைவாலும் காய்ச்சலாலும் இறந்தவர்களே அதிகம் என்பதைக் கணக்கெடுத்து உலகுக்குக் காட்டியவர் அவர். சுத்தமான நீர், காற்றோட்டம், ஒழுங்கான உணவு, முறையான பதிவேடு ஆகியன மருந்தைப் போலவே உயிர் காப்பவை என்ற உண்மை அங்கிருந்தே பரவியது. 1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி ஆரம்பிக்கப்பட்டது.

இதே காலப்பகுதியில், 1859இல், இத்தாலியின் சொல்பரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஆயிரக்கணக்கான காயக்காரரைக் கண்டார் ஹென்றி டூனான்ட் என்ற சுவிஸ் நாட்டவர். அயலூர்ப் பெண்கள் இரு தரப்புக் காயக்காரரையும் வேறுபாடின்றிப் பராமரித்தது அவர் மனதைத் தொட்டது. செஞ்சிலுவை இயக்கமும் 1864ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் இதன் விளைவாகவே தோன்றின. 1949இல் அவை நான்கு உடன்படிக்கைகளாக விரிவாக்கப்பட்டன. இலங்கை 1959இல் இவற்றை ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இவை உள்நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றன.

இவ்வுடன்படிக்கைகள் கூறுவதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: காயமடைந்தவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். யாரை முதலில் கவனிப்பது என்பதை நோயின் அவசரமே தீர்மானிக்க வேண்டும். இனமோ மொழியோ மதமோ அல்ல. மருத்துவப் பணியில் ஈடுபட்டிருப்போரைத் தாக்கக்கூடாது. ஆகவே இராணுவத் தாதி ஒருவர் இரண்டு கடமைகளுக்கு உட்பட்டவராகிறார். மேலதிகாரியின் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிய வேண்டும். அதே வேளையில் தன் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு அவர் முழுமையாகக் கடமைப்பட்டவர். இத்தொழிலின் பெருமையும் இங்கேதான் உள்ளது. சோதனையும் இங்கேதான் உள்ளது.

ஆபத்தும் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 77 பேர் பெண்கள். பெரும்பாலோர் இராணுவத் தாதியர். எமது துறைமுகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் கரை சேரவே இல்லை.

அக்கரை உறவுகளின் அனுபவம்

றக்வானையில் இந்தியாவில் உறவில்லாத தோட்டக் குடும்பத்தைக் காண்பது அரிது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறிய எம்மவரிற் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் குடியேறி அங்கும் கொழுந்தே பறித்தனர். அந்தக் குடும்பங்களின் பேத்திகள் இன்று இந்தியப் பிரசைகள். அவர்களுக்குத் திறந்துள்ள கதவுகளுள் ஒன்றுதான் இந்திய இராணுவத் தாதியர் சேவை.

இச்சேவையின் வரலாறு 1888 மார்ச் 28ஆம் திகதி பம்பாயில் வந்திறங்கிய பத்துப் பிரித்தானியத் தாதியரோடு தொடங்குகின்றது. 1926 ஒக்டோபர் முதலாம் திகதி அது இந்தியப் படையின் நிரந்தரப் பிரிவாக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தாதியருக்கு அதிகாரி நிலையை வழங்கியது. 1976இல் இச்சேவையைச் சேர்ந்த ஜெர்ட்ரூட் அலிஸ் ராம் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். இந்தியப் படையில் அத்தரத்தை எட்டிய முதற் பெண் ஒரு தாதி என்பது கவனிக்கத்தக்கது.

புனே, மும்பை, கொல்கத்தா, லக்னோ, புது டில்லி, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் உள்ள படைத்துறைத் தாதியர் கல்லூரிகளில் நான்கு வருடப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் சித்தியடைந்த பெண்களே இதற்குத் தெரிவாகின்றனர். படிப்புக்கு அரசு செலவு செய்கின்றது. அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம் சேவையாற்றுவதாக மாணவி ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட் தரத்தில் நியமனம் கிடைக்கின்றது.

ஆனால் தரமும் சீருடையும் கிடைத்துவிட்டால் மரியாதை தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. லெப்டினன்ட் செலினா ஜோன் என்ற இராணுவத் தாதி 1988இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் திருமணம் செய்துகொண்டமையே அதற்குக் காரணம். பெண்களை மட்டுமே பாதித்த அந்த விதி 1977இல் வந்து 1995இல் நீக்கப்பட்டது. நீதிமன்றங்களின் படியேறிய அவருக்கு 2024 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் 60 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டது. அவர் காத்திருந்த காலம் 36 ஆண்டுகள். ஒப்பந்தப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

எமது நாட்டில் உள்ள வழிகள்

இலங்கைப் பிரசையான றக்வானப் பிள்ளைக்கு மேற்கூறிய இந்தியக் கல்லூரிகளின் கதவு திறக்காது. இங்குள்ள வழிகளையே அவர் பார்க்க வேண்டும்.

இராணுவ மருத்துவப் படையணியின் கீழ் வைத்தியசாலைகள் இயங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது கொழும்பு நாரஹேன்பிட்டவில் உள்ளது. 1979இல் இராணுவ மகளிர் படையணி உருவாக்கப்பட்டது. ஜெனரல் சர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டநெறி உண்டு. வெரஹெரவில் அதற்கெனப் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றது. அங்கு போதனை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. கட்டணம் செலுத்திப் படிக்கும் பொது மாணவருக்கும் இடமுண்டு. ஆயினும் அங்கே படிப்பது வேறு, படையில் சேர்வது வேறு என்பதை மறந்துவிடக்கூடாது.

இப்பணி போரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 2014 முதல் இலங்கை இராணுவ மருத்துவக் குழுக்கள் தென் சூடானில் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்கான வைத்தியசாலை ஒன்றில் சேவையாற்றியுள்ளன. 2015இல் நேபாளம் பூமியதிர்ச்சியால் சிதைந்தபோதும் இலங்கைப் படையினரின் நிவாரணக் குழு அங்கு சென்றது. 2021இல் கொவிட் தடுப்பூசி ஏற்றும் பணியில் இராணுவ மருத்துவப் பிரிவினர் பெரும் பங்கேற்றனர். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அழிந்தபோது படையினர் மீட்புப் பணியில் ஈடுபட்டதை எம்மவர் கண்ணால் கண்டுள்ளனர்.

இங்கே பெற்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. வைத்தியசாலையில் வேலை செய்யும் எல்லோரும் தாதிய உத்தியோகத்தர் அல்லர். தாதிய உத்தியோகத்தர் என்பவர் முறையான தாதியர் பயிற்சியோ பட்டமோ பெற்றுப் பதிவு செய்யப்பட்டவர். சாதாரண தரத்தோடு படையில் சேரும் ஒரு பெண் பிள்ளை மகளிர் படையணியின் சாதாரண சிப்பாயாகலாம்; எழுதுவினைஞராகலாம்; உதவியாளராகலாம். அவர் தாதியாகிவிடுவார் என்று யாரேனும் வாய்மொழியாகக் கூறினால் நம்பிவிட வேண்டாம். 2012 நவம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தில் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் யுவதிகள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். அடுத்த மாதமே அவர்களுட் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். என்ன வேலையென்று சொல்லி அவர்கள் அழைக்கப்பட்டார்கள், சேர்ந்த பின் எதைச் செய்யச் சொன்னார்கள் என்ற கேள்விகள் நாடெங்கும் எழுந்தன. வறுமை மிகுந்த வீட்டில் எதையும் விசாரிக்க நேரமிருப்பதில்லை. விசாரிக்காமல் போவதன் விலையைக் கொடுப்பது பிள்ளைதான்.

றக்வானையில் குறுக்கே நிற்பவை

முதலாவது தடை, காகிதம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் எமது மக்கள் நாடற்றவர்களாயினர். நாடற்றவருக்கு அரசாங்க வேலை ஏது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. பாட்டி நினைத்தும் பார்க்க முடியாத சேவைக்குப் பேத்தி விண்ணப்பிக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. சட்டத் தடை நீங்கினாலும் காகிதத் தொல்லை முற்றாக நீங்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டல். தகப்பனின் பெயர் சிங்களத்தில் ஒருவிதமாகவும் தமிழில் இன்னொருவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பின் திருத்தப் புறப்பட்டால் காலம் போதாது.

இரண்டாவது தடை, விஞ்ஞானப் பாடம். இதுவே மிகப் பெரிய தடை. அரசாங்கத் தாதியர் கல்லூரிகள் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தோரையே சேர்த்துக்கொள்கின்றன. இராணுவச் சேவையை நாடினாலும் தாதிய உத்தியோகத்தர் நிலைக்கு இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சப்ரகமுவவின் தோட்டத்துப் பிள்ளை தமிழ்மொழியில் உயிரியலும் இரசாயனவியலும் கற்பது எத்துணை கடினம் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. விடுதியில் தங்கி ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படிப்பதற்கு வசதி வேண்டும். வசதியற்ற பிள்ளை, டொக்டருக்கும் தாதிக்கும் கனவு கண்டவள், கலைப் பிரிவில் அமர்ந்துவிடுகிறாள். அன்றே இந்தக் கதவு மூடப்பட்டுவிடுகின்றது. பதினாறு வயதில் அது மூடியதைப் பத்தொன்பது வயதில்தான் அவள் அறிகிறாள்.

மூன்றாவது விடயம் மொழி. வார்ட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். நோயாளியின் பதிவேடு ஆங்கிலத்தில். இதைத் தடையென்றே பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. றக்வானத் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் எமது பிள்ளைகள் சிங்களம் பேசியே வளர்கின்றனர். நுவரெலியாவின் உட்தோட்டங்களில் வளரும் பிள்ளைக்கு இல்லாத அனுகூலம் இது. பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுப்பதே மிச்சம். ஆங்கிலத்துக்கோ வேறு குறுக்கு வழியில்லை. தரம் 6 முதல் தினமும் உழைக்க வேண்டும்.

நான்காவது தடையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. அது நினைவு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பட்ட துயரைப் பார்த்தவர்கள் இன்றும் லயன்களில் உயிரோடு இருக்கின்றனர். அந்நாட்களில் சீருடை அணிந்தவர்கள் காப்பாற்ற வரவில்லை என்ற மனக்காயம் ஆறவில்லை. இது தமிழருக்கு மட்டும் உரிய காயமும் அல்ல. றக்வானைக்கு மேலே சூரியகந்தவில் 1994இல் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. 1989–90 காலத்தில் எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் வழக்கில், 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் இராணுவத்தினரும் உள்ளிட்டோரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அம்மாணவர்கள் சிங்களத் தாய்மாரின் பிள்ளைகள். ஆகவே "ஆமி" என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பாட்டியின் முகம் மாறுமாயின் அதை அறியாமை என்று ஒதுக்கிவிடல் நியாயமாகாது.

அப்படியாயின் எமது நிலைப்பாடு என்ன?

இரு பக்க நியாயங்களையும் எடைபோட வேண்டும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இராணுவ வைத்தியசாலையின் கட்டில்களில் கிடப்போரில் பலர் மொனராகலையிலும் எம்பிலிப்பிட்டியவிலும் உள்ள ஏழைக் கமக்காரரின் பிள்ளைகள். வறுமைதான் அவர்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுடைய புண்ணைக் கழுவிக் கட்டும் கை ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுடையதாக இருந்தால் இரு சமூகங்களுக்கும் அது ஒரு பாடமாகும். மொழி தெரியாமல் தவிக்கும் தமிழ் நோயாளிக்கு அதே பெண் வாயும் காதுமாவாள். நாட்டின் எந்த நிறுவனத்திலும் எமது பிள்ளைகளுக்கு உரிய இடம் உண்டு என்பதும் நாம் நெடுங்காலம் கேட்டு வந்த உரிமையே.

மறுபக்கத்தில், படையென்பது கட்டளையில் இயங்கும் நிறுவனம். விரும்பிய நாளில் விலகி வர முடியாது. தாதியின் மனச்சாட்சிக்கும் மேலதிகாரியின் கட்டளைக்கும் இடையே இழுபறி ஏற்படும் நாளில் அவள் உறுதியாக நிற்க வேண்டும். அவ்வாறு நிற்பதற்குத் தேவையான பலம் தொழில் தகைமையிலிருந்தே வருகின்றது. பதிவு பெற்ற தாதியின் சொல்லுக்கு ஒரு நிறை உண்டு. வேறு வழியின்றி வந்த பிள்ளையின் சொல்லை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

எனவே எமது பதில் இதுதான்: முதலில் தாதி, பின்னரே சீருடை. பிள்ளை தாதியாகட்டும். இரத்தினபுரி வைத்தியசாலையிலோ, கஹவத்தையிலோ, இராணுவ வைத்தியசாலையிலோ, வெளிநாட்டிலோ பணி செய்யும் தகுதி அவள் கையில் இருக்கட்டும். அதன்பின் அவள் இராணுவத்தைத் தெரிவு செய்தால் அது அவளுடைய தெரிவு. பட்டினிக்குப் பயந்து ஓடி ஒளியும் புகலிடமாக இராணுவம் எமது பிள்ளைகளுக்கு அமைந்துவிடக்கூடாது.

இன்றே செய்யக்கூடியவை

தரம் 9இல் பிள்ளை படிக்கும்போதே பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயர், திகதி, பெற்றோர் விபரங்களைச் சரிபாருங்கள். பிழையிருந்தால் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துப் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கைவிட வேண்டாம். பெண் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று எவர் கேட்டாலும் காது கொடுக்க வேண்டாம். ஆண் பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வரலாம். இந்நாட்டில் ஆண் தாதியரும் உளர்.

அரசாங்க வர்த்தமானியையும் படைகளின் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களையும் மூல வடிவிலேயே வாசியுங்கள். நிபந்தனைகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. "ஆள் தெரியும், காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று லயத்துக்கு வரும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பதவியின் பெயர் என்ன? பயிற்சியின் முடிவில் தாதியாகப் பதிவு கிடைக்குமா? எத்தனை ஆண்டுகள் கட்டாயச் சேவை? இடையில் விலகினால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? திருமணம், பிரசவ விடுமுறை, இடமாற்றம், ஓய்வூதியம் பற்றிய விதிகள் எவை? பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கும் கடமையுண்டு. மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் பழைய மாணவர்களும் கூடி, ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது உயர்தர விஞ்ஞானம் படிக்க விடுதிச் செலவைப் பொறுப்பேற்கலாம். திருவிழாவுக்கு நிதி சேர்க்கத் தெரிந்த எமக்கு இது முடியாத காரியமல்ல. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்தின் கதவைத் தட்டுவதும் பெற்றோரின் உரிமை.

தோட்ட டிஸ்பென்சரியின் வாசலில் வரிசையில் நின்று, தமிழ் பேசும் ஒரு மிஸ்ஸி இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கிய தாய்மார் எத்தனையோ பேர். அந்த மிஸ்ஸி எந்த நிறச் சீருடையில் வருவாள் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அவளுக்கு விஞ்ஞானப் பாடத்தைக் கொடுப்பது எமது வேலை.